'மற்றவை' என்று டிக் போட்ட பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

மலேசியாவில் தமிழ் இசைப் போட்டிகளையும் கலை இரவுகளையும் விருது விழாக்களையும் நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும், வானொலியில் உள்ளூர்த் தமிழ்ப் பாடல்களைத் தேர்வு செய்யும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஜேமிங் ஸ்டூடியோ, அதாவது இசைக்குழுக்கள் வந்து வாசித்துப் பழகும் அறை, நடத்துகிறவன். பன்னிரண்டு வருடமாகிறது. ஒரு டிரம் செட், இரண்டு கிட்டார் ஆம்ப், ஒரு பேஸ் ஆம்ப், நான்கு மைக், சுவர் முழுக்கப் பழைய கம்பளம். மணிக்கணக்கில் வாடகை. மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே வாசிப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒரு குழு வருகிறது. நான்கு பேர். கிட்டார் வாசிக்கும் தம்பி பகலில் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். டிரம்ஸ் தம்பிக்குக் கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை. நகத்தில் கிரீஸ் இருக்கும்போதே ஓடி வருவான். பேஸ் வாசித்துக்கொண்டே பாடும் பெண் தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். நான்காவது தம்பி உறுமிக்காரன். பத்து வயதிலிருந்து உறுமி மேளக் குழுவில் இருந்தவன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலையில் காவடிக்கு முன்னால் நின்று வாசித்த கை அது.

இவர்கள் முதல்முறை வந்தபோது உறுமிக்கு மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் போனது. நேர்க்குச்சியால் அடிக்கும் வலது முகத்துக்கு வைத்தால் அடி மட்டும் கேட்கிறது, உறுமலைக் காணோம். வளைந்த குச்சியால் இழுக்கும் இடது முகத்துக்கு வைத்தால் கிட்டார் ஆம்பின் சத்தம் அதற்குள் புகுந்து கூவுகிறது. கடைசியில் ஆம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து, தம்பியை எதிர் மூலையில் நிறுத்தி, இடது தோலுக்கு ஒரு சாண் தள்ளி மைக்கைச் சாய்த்துப் பிடித்தோம். அப்புறம் வாசித்தார்கள். வளைந்த குச்சி தோலை அழுத்தி இழுக்கும்போது ஒரு முனகல் வருமே, அதுவும் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரின் கனமான ஒலியும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. எது தோல், எது கம்பி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு ஐம்பது வயதாகிறது. அன்றைக்கு முன்பு அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

சில மாதங்களுக்கு முன் இவர்கள் ஒரு போட்டிக்கு விண்ணப்பித்தார்கள். விண்ணப்பப் பாரத்தை ஆம்பின் மேல் வைத்துத்தான் நிரப்பினார்கள். பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண் எல்லாம் மளமளவென்று போனது. 'பிரிவு' என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. கர்னாடக இசை, திரைப்பாடல், பக்திப் பாடல், நாட்டுப்புறப் பாடல், சொல்லிசை, மற்றவை.

"அங்கிள், நாங்க என்ன?" என்று பாடும் பெண் என்னைக் கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. 'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. மற்றவை பிரிவுக்குப் போதுமான ஆள் சேரவில்லை, அதனால் எடுத்துவிட்டோம், நாட்டுப்புறப் பாடலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் கிட்டாரும் டிரம்ஸும் கொண்டுவரக் கூடாது என்றார்கள். இல்லையென்றால் திரைப்பாடல் பிரிவுக்கு வாருங்கள், உறுமி வேண்டாம், மைனஸ் ஒன் (பாடகர் குரல் இல்லாத பதிவு இசை) போட்டுப் பாடிவிடுங்கள் என்றார்கள். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். பிள்ளைகளும் மரியாதையாகப் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எந்தப் போட்டி, பேசியவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. இது ஓர் ஆளின் குறை இல்லை. அந்தப் பாரம்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது.

அன்று இரவு வாசிக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளுக்கு நான் ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1980களின் தொடக்கத்தில் ஃபெய்த் நோ மோர் என்று ஒரு ராக் குழு உருவானது. பேஸ் வாசித்த பில்லி கூல்ட், டிரம்ஸ் மைக் போர்டின், கீபோர்டு ராடி பாட்டம். இந்த மூன்று பேரும்தான் வேர். பாட்டம் பியானோவை முறையாக, மேற்கத்திய செவ்வியல் வழியில் கற்றவர். போர்டின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மேளம் படித்தவர். கிட்டாருக்கு வந்த ஜிம் மார்ட்டினோ அசல் ஹெவி மெட்டல் ஆள். (பிற்காலத்தில் போட்டிக்கு ராட்சதப் பூசணிக்காய் வளர்ப்பதில் இறங்கியவர் அவர். எந்த வேலையைச் செய்தாலும் பெரிதாகச் செய்பவர் என்று எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.) பாடகர்கள் பல பேர் வந்து போனார்கள். கடைசியில் சக் மோஸ்லி நிலைத்தார். பாடுவதா பேசுவதா என்று பிரிக்க முடியாத குரல் அவருடையது.

யோசித்துப் பாருங்கள். செவ்வியல் பியானோ, ஆப்பிரிக்கத் தாளம், ஃபங்க் பேஸ், மெட்டல் கிட்டார், ராப் மாதிரி ஒரு குரல். இவர்கள் நம் பாரத்தை நிரப்பியிருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள்?

முதல் தொகுப்பு 1985இல், இரண்டாவது 1987இல். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பழைய வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். குழுவுக்குள் சண்டை வந்தது. 1988இல் மோஸ்லியை விலக்கினார்கள். அடுத்த தொகுப்புக்கான மெட்டுகள் கையில் இருந்தன, பாட ஆள் இல்லை. அப்போதுதான் மைக் பேட்டன் என்ற இளைஞர் வந்தார். வயது இருபது, இருபத்தொன்றுதான் இருக்கும். வந்த இரண்டே வாரத்தில் எல்லாப் பாட்டுக்கும் வரிகள் எழுதினார். 'தி ரியல் திங்' என்ற அந்தத் தொகுப்பு 1989 ஜூனில் வெளியானது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும் ஐயா. அந்தத் தொகுப்பில் 'எபிக்' என்று ஒரு பாட்டு. ஏறத்தாழ ஐந்து நிமிடம். ராப்பில் தொடங்கி, கோரஸ் ராக்காக எழும்பி, கிட்டார் மெட்டலாக இறங்கி, கடைசியில் எல்லா ஓசையும் ஓய்ந்து பியானோ மட்டும் தனியாக வாசித்துக்கொண்டே போய் முடியும். அது அமெரிக்கப் பாடல் பட்டியலில் 9ஆம் இடத்துக்கு வந்தது எப்போது தெரியுமா? 1990 செப்டம்பரில். தொகுப்பு வெளிவந்து பதினைந்து மாதம் கழித்து. அந்தப் பதினைந்து மாதமும் அவர்கள் ஓயாமல் மேடையேறினார்கள். எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி அந்தப் பாட்டின் காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்டது. பியானோ வெடிக்கும், மீன் துடிக்கும், யாருக்கும் உடனே விளங்காது. இருந்தும் போட்டார்கள். இது எந்தச் சாதி இசை என்று தெரியாமலேயே ஜனங்கள் ஏழெட்டு முறை கேட்டார்கள். ஒன்பதாவது முறை காசு கொடுத்து வாங்கினார்கள்.

அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமியின் குழு பட்ட பாடு இன்னும் வேடிக்கையாக ஆனது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை, பெரிய மனதாகப் படுகிறது. 1990இல் 'தி ரியல் திங்' தொகுப்பைச் சிறந்த மெட்டல் பிரிவில் பரிந்துரைத்தார்கள். 1991இல் அதே தொகுப்பின் 'எபிக்' பாட்டைச் சிறந்த ஹார்ட் ராக் பிரிவில் பரிந்துரைத்தார்கள். ஒரே குழு, ஒரே தொகுப்பு, இரண்டு வருடத்தில் இரண்டு கட்டம். இரண்டு முறையும் பரிசு வேறு குழுவுக்குத்தான் போனது. ஆனால், இவர்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அதனால் வெளியே நிறுத்துவோம் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. கட்டம் மாறியது, குழு உள்ளேயே இருந்தது.

அந்தக் கேசட் என் கைக்கு வந்தது 1990 கடைசியில். சனிக்கிழமை பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் வாங்கினேன். என் அப்பா செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர். நாங்கள் குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குச் சீர்காழி, அம்மாவுக்கு சுசீலா, அண்ணனுக்கு இளையராஜா. வீட்டில் ஒரே ஒரு ரேடியோ கேசட் பெட்டி. எல்லாரும் தூங்கிய பிறகு அதைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்து அந்தப் பாட்டைக் கேட்டேன். கடைசியில் பியானோ மட்டும் வரும் இடத்தில், பின்பக்கம் ஒரு ரயில் ஷண்டிங் செய்யும் சத்தமும் சேர்ந்து கேட்டது. இன்றைக்கும் அந்தப் பாட்டு முடியும்போது எனக்கு ரயில் சத்தம் கேட்கும்.

அப்புறம் நாங்களும் ஒரு குழு தொடங்கினோம். ஐந்து பேர். கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், பேஸ், அத்தோடு கோயிலில் தவில் வாசிக்கும் என் நண்பன். தமிழில் எழுதினோம், தமிழில் பாடினோம். 1996இல் நாலு பாட்டைப் பதிவு செய்து, கேசட் எடுத்துக்கொண்டு ஓர் இடத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் கேசட்டைக் கையில் வாங்கினார். இயந்திரத்தில் போடுவதற்கு முன்பே, "இது என்ன ரகம் தம்பி?" என்று கேட்டார். எங்களால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. நான் ராக் என்றேன், தவில்காரன் நம்ம பாட்டுதான் சார் என்றான். "முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க" என்று கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கேசட்டை அவர் கேட்கவே இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. கேட்டுவிட்டு நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால் இன்னும் பத்துப் பாட்டு போட்டிருப்போம். அடுத்த வருடமே குழு கலைந்தது. தவில்காரன் இப்போது லாரி ஓட்டுகிறான். நாலு பாட்டில் இரண்டுக்கு இன்று எங்கேயும் பிரதி இல்லை.

ஃபெய்த் நோ மோர் கதைக்குத் திரும்புகிறேன். ஒரு பாட்டு வெற்றி பெற்றதும் அதே மாதிரி இன்னும் பத்துச் செய்திருந்தால் பெரும்பணம் பார்த்திருக்கலாம். அவர்கள் 1992இல் 'ஏஞ்சல் டஸ்ட்' என்ற தொகுப்பைக் கொடுத்தார்கள். முந்தையதைவிட இருண்டது, சிக்கலானது. அமெரிக்காவில் அது முன்பு போல விற்கவில்லை. பிரிட்டனில் 2ஆம் இடம் வரை போனது. அந்த நேரத்தில் இவர்கள் செய்த இன்னொரு வேலையைப் பாருங்கள். கமடோர்ஸ் என்ற கறுப்பின சோல் இசைக் குழு 1977இல் பாடிய 'ஈஸி' என்ற மென்மையான காதல் பாட்டை எடுத்து, கேலி செய்யாமல், உருக்கமாக அப்படியே பாடினார்கள். தலைமுடியை ஆட்டும் மெட்டல் ரசிகர்கள் முன்னால் நின்று பாடினார்கள். ஆஸ்திரேலியாவில் அது முதலிடம் பிடித்தது. 1995இல் வந்த தொகுப்பில் பிரேசிலின் பாஸா நோவா இருக்கும், சோல் இருக்கும், கிராமத்துக் கண்ட்ரி பாட்டு இருக்கும், காதைக் கிழிக்கும் கத்தலும் இருக்கும். எல்லாம் ஒரே தட்டில். ஜிம் மார்ட்டின் அதற்கு முன்பே போய்விட்டார். 1998இல் குழு கலைந்தது.

கலைந்த பிறகுதான் அவர்கள் விதைத்தது முளைத்தது. ராப்பையும் மெட்டலையும் கலந்து பாடிய குழுக்கள் ஒரு படையாகக் கிளம்பின. கடைக்காரர்கள் அதற்கு 'நூ மெட்டல்' என்று புதிதாகப் பெயர் வைத்துத் தனி அடுக்கு போட்டார்கள். கோர்ன் முதலிய குழுக்கள் இவர்களைத் தங்கள் முன்னோடியாகச் சொன்னார்கள். 2000இல் கோர்ன் குழுவின் டிரம்மருக்கு முடியாமல் போனபோது அந்த இடத்தில் உட்கார்ந்து வாசித்தவரே மைக் போர்டின்தான். பேட்டனுக்கோ அந்தப் பெயரும் பிடிக்கவில்லை, அந்தத் தகப்பன் பட்டமும் பிடிக்கவில்லை. அது அவர் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது, கட்டம் பிறகு வந்தது என்பது. முதலில் கட்டம் இல்லாமல் பத்து வருடம் வாசித்த நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களை யாரோ கேட்டார்கள். அதனால் கட்டம் உருவானது.

பதினொரு வருடம் கழித்து 2009இல் மீண்டும் சேர்ந்து மேடையேறினார்கள். 2015இல் 'சோல் இன்விக்டஸ்' என்ற புதுத் தொகுப்பும் வந்தது. இதில் என் மனதைத் தொட்ட ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1988இல் விலக்கினார்களே, அந்தச் சக் மோஸ்லி. 2016இல் முதல் தொகுப்பின் மறுவெளியீட்டையொட்டி அவரோடு சேர்ந்து மேடையேறி, அந்தப் பழைய பாட்டுகளை வாசித்தார்கள். இருபத்தெட்டு வருடம் கழித்து. அடுத்த வருடம் நவம்பரில் மோஸ்லி இறந்துபோனார். பில்லி கூல்ட் கூலாரோ என்ற ஒரு சின்ன இசை நிறுவனம் வைத்து, போஸ்னியா போன்ற நாடுகளின் கலப்பிசைக் குழுக்களை வெளியிட்டிருக்கிறார். எங்கேயும் பொருந்தாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர், தன்னால் ஆன கதவைத் திறந்துவைத்தார்.

இது அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். சரி, நம் கதைக்கு வருவோம்.

பினாங்கு ஆறுமுகம் சகோதரர்கள் லோகநாதனையும் டேவிட்டையும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1960களின் இறுதியில் தொடங்கி, ஹாங்காங் வரை போய் வாசித்து, அலிகேட்ஸ் என்ற பெயரில் இந்த நாட்டையே பாட வைத்தவர்கள். சுருட்டை முடியை அகல வளர்த்துக்கொண்டு, கறுப்பின சோல் இசையின் சாயலில், மலாய் மொழியில், இரண்டு தமிழ்ப் பையன்கள். லோகா 2007இல் மறைந்தபோது எங்கள் லோரோங்கில் மலாய்க்கார மக்சிக் (அம்மா வயதுப் பெண்) ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அந்த அண்ணன்மார் நம் பாரத்தை நிரப்ப வந்திருந்தால்?

சொல்லிசைக்கு இன்று உங்கள் பாரத்தில் கட்டம் இருக்கிறது. மகிழ்ச்சி. அந்தக் கட்டம் எப்படி வந்தது? பொயட்டிக் அம்மோ குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ராப் பாடிக்கொண்டிருந்த யோகி பி, நட்சத்ரா என்று தமிழில் தொடங்கி 2006இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார். இளையராஜாவின் பழைய பாட்டு ஒன்றை எடுத்துத் தமிழ் ராப்பில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளே நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அது 'மற்றவை'. இன்றைக்கு அது ஒரு பிரிவு.

இளையராஜாவே 1986இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மனியின் இசைமேதை பாக் அவர்களுக்கும் காணிக்கையாகச் செய்தது. கர்னாடக ராகமும் மேற்கத்திய செவ்வியல் இசையும் கைகோத்து நடக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஹவ் டு நேம் இட்'. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவரே கேட்டு, அந்தக் கேள்வியையே பெயராக வைத்தார். இன்னும் பின்னால் போனால் வயலின் இருக்கிறது. ஏறத்தாழ இருநூறு வருடத்துக்கு முன் பாலுசுவாமி தீட்சிதர் அதை வெள்ளைக்காரரிடம் கற்றுக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சாகித்தியம் எழுதினார். அதை நொட்டுசுவரம் என்று இன்றைக்குப் பாட்டு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். உங்கள் கர்னாடக இசைப் பிரிவில் வயலின் வாசிக்கும் பிள்ளைக்கு முதல் பரிசு கொடுக்கும்போது, அந்தப் பெட்டி எந்த வழியாக உள்ளே வந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அதே வாசலில்தான் இந்த உறுமிக்காரத் தம்பி நிற்கிறான்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். நானும் இரண்டு கலை இரவுகளுக்கு ஒலி அமைப்பு செய்திருக்கிறேன். மண்டப வாடகை, நேரக் கெடுபிடி, பதினோரு மணிக்குள் முடிக்க வேண்டிய அனுமதி, நடுவர்கள் எதை வைத்து மதிப்பெண் போடுவார்கள் என்ற குழப்பம். ஒரு குழுவுக்கு மைக் மாற்றிவைக்கப் பத்து நிமிடம் போனால், கீழே பெற்றோர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வானொலியில் இருப்பவர்களுக்கு விளம்பரக்காரர் கணக்கு. எல்லாம் உண்மை. அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை.

பிரிவு என்ற இடத்தில் கட்டங்களுக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு விடுங்கள். பிள்ளைகள் தாங்களே எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் வெறுமனே விடட்டும். மற்றவை என்று ஒரு பிரிவை வைத்தால், ஒரே ஒரு குழு வந்தாலும் அதை நடத்துங்கள். பரிசு கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, பத்து நிமிடம் மேடை கொடுங்கள். மைனஸ் ஒன் போட்டுத்தான் பாட வேண்டும் என்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். தானே வாசித்துப் பாடும் பிள்ளையிடம், உன் கையைக் கட்டிக்கொண்டு பாடு என்று சொல்வது நியாயமில்லை. டிரம் செட் ஒன்றை மேடை ஓரத்தில் நிரந்தரமாகப் போட்டுவைத்தால் எல்லாக் குழுவும் அதையே பயன்படுத்திக்கொள்ளும். என் ஸ்டூடியோவில் இருப்பதை வாடகை வாங்காமல் தருகிறேன், லாரிச் செலவும் என்னுடையது. தவில்காரன் கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

வானொலியில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு மணி நேரம், நேயர்கள் குறைவாக இருக்கும் நேரமாக இருந்தாலும் சரி, உள்ளூர்க் குழுக்கள் நேரடியாக வாசிக்கும் பாட்டுகளைப் போடுங்கள். ஒருமுறை போட்டுவிட்டு அழைப்பு வரவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். 'எபிக்' மேலே வரப் பதினைந்து மாதம் ஆனது. நம் ஜனங்களுக்கும் காது பழக ஏழெட்டு முறையாவது வேண்டும். போட்டதைப் பத்திரமாகச் சேமித்தும் வையுங்கள். எங்கள் நாலு பாட்டில் இரண்டு அழிந்த மாதிரி இவர்களுடையதும் அழிய வேண்டாம்.

முதலில் நீங்கள் வந்து கேட்க வேண்டும். புதன்கிழமை இரவு ஒன்பது மணி. பசியாறாமல் வந்தாலும் கவலையில்லை, கீழே மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) விடிய விடியத் திறந்திருக்கும். மாடிப்படி குறுகலானது, விளக்கைப் போட்டுவைக்கிறேன். உள்ளே வந்ததும் கதவுக்கு இடப்பக்கம் உட்காருங்கள், அங்கேதான் உறுமலும் கிட்டாரும் சரிசமமாகக் கேட்கும். உறுமியின் இடது முகத்துக்கென்று போன வாரம் தனியாக ஒரு மைக் வாங்கியிருக்கிறேன். பிள்ளைகள் புதிதாக ஒரு பாட்டு போட்டிருக்கிறார்கள், இன்னும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

அன்புடன்,
செந்தூல் மாடி ஸ்டூடியோக்காரன்
கோலாலம்பூர்